கொக்கியில் தொங்கும் பேட்ஜ்

திருச்சி பாலக்கரையில் கை முறிந்து எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர், டெக்னீஷியனின் சட்டையில் குத்தியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைப் பெரும்பாலும் அடையாள அட்டை என்றே நினைத்துக்கொள்வார். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், கதிர்வீச்சு தாக்காமல் காக்கும் ஏதோ ஒரு கவசம் என்பார். இரண்டும் இல்லை. அது எதையும் தடுக்காது, யாரையும் எச்சரிக்காது, சத்தம் போடாது. எவ்வளவு கதிர்வீச்சு தன்மேல் விழுந்தது என்பதை மட்டும் மூன்று மாதம் நினைவில் வைத்திருந்து, பிறகு ஓர் ஆய்வகத்துக்குப் போய்ச் சொல்லும். துறையில் உள்ளவர்கள் அதை டிஎல்டி பேட்ஜ் என்கிறார்கள். வெப்பத்தால் ஒளிரும் டோசிமீட்டர் என்பது அதன் விரிந்த பெயர்.

அது சொல்லும் கணக்கு பேட்ஜுக்கு உரியது. பேட்ஜ் ஆளின் மார்பில் இருந்த நேரத்துக்கு மட்டுமே அது ஆளின் கணக்கும் ஆகும். இந்தச் சிறிய நிபந்தனையை மறந்துவிட்டால், எவ்வளவு நுட்பமான படிகமும் பொய்ச்சாட்சிதான்.

திருச்சியில் இந்த பேட்ஜை அணிகிறவர்கள் இரண்டு உலகத்தினர். ஒன்று மருத்துவ உலகம்: பாலக்கரை, தில்லைநகர், புத்தூர் என்று நகரெங்கும் பரவிக் கிடக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் கூடங்கள், ஆஸ்பத்திரிகள். இன்னொன்று அதிகம் பேசப்படாத வெல்டிங் உலகம். திருவெறும்பூரில் 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து, அதற்கு வேலை செய்துகொடுக்கும் பட்டறைகள் துவாக்குடி வரை முளைத்தன. உயரழுத்தக் கொதிகலனில் ஒரு குழாய்ப் பற்றவைப்பு விரிசல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே பற்றவைப்புகளை ஊடுருவிப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று இந்தியக் கொதிகலன் விதிகள் கேட்கின்றன. கனத்த எஃகுக்குள் புக வலுவான கதிர் தேவை. அதற்கு இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் பயன்படுகிறது. ஆஸ்பத்திரியிலும் பட்டறையிலும் ஒரே மாதிரி பேட்ஜ்தான். ஆனால் இரண்டு இடத்திலும் அதற்கு ஒரே மதிப்பு இல்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில், ஒரு கல் எப்படிக் கதிர்வீச்சை நினைவில் வைத்துக்கொள்கிறது?

பேட்ஜைத் திறந்தால் உள்ளே நிக்கல் பூசிய ஓர் அலுமினிய அட்டை இருக்கும். அதில் மூன்று வட்ட வில்லைகள். ஒவ்வொன்றும் சுமார் 13 மில்லிமீட்டர் அகலம், 0.8 மில்லிமீட்டர் தடிமன். கால்சியம் சல்பேட்டுடன் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமத்தை மிகச் சிறிய அளவில் கலந்து, அந்தப் பொடியை டெஃப்லானில் பதித்துச் செய்த வில்லைகள் அவை. கால்சியம் சல்பேட் என்றால் பெரிய அதிசயப் பொருள் ஒன்றுமில்லை, ஜிப்சத்தின் உறவினர்தான். தூய நிலையில் அது நமக்குப் பெரிதாகப் பயன்படாது. டிஸ்ப்ரோசியம் சேர்ந்ததும் குணம் மாறுகிறது.

கதிர் ஒன்று படிகத்துக்குள் பாயும்போது அங்குள்ள எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து கிளப்பிவிடுகிறது. பெரும்பாலானவை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் படிகத்தின் அடுக்கில் ஆங்காங்கே உள்ள குறைகளில் சில எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. ஆடி வெள்ளம் வடிந்த பிறகும் காவிரி மணல் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல, கதிர் வந்துபோன பிறகும் அவை அங்கேயே கிடக்கும். எத்தனை எலக்ட்ரான்கள் சிக்கின என்பது, எவ்வளவு கதிர் வந்தது என்பதைப் பொறுத்தது. இந்தப் பொறியிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்ற ஏறக்குறைய 220, 230 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். திருச்சியின் மே மாத வெயிலுக்கெல்லாம் அது மசியாது. இந்த உறுதிதான் நம் ஊருக்கு முக்கியம். இதற்கு முன்னால் இந்தியாவில் பயன்பட்ட ஃபிலிம் பேட்ஜ்கள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தாங்கவில்லை. கதிர் படாமலேயே ஃபிலிம் கறுத்துவிடும், அல்லது பதிந்தது மங்கிவிடும்.

ஆய்வகத்தில் வில்லைகளின்மேல் சுமார் 285 டிகிரி சூட்டில் நைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சுகிறார்கள். சிக்கியிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டுத் திரும்பும்போது டிஸ்ப்ரோசியத்திலிருந்து நீலமும் மஞ்சளுமாக மெல்லிய ஒளி வருகிறது. நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் அளக்கிறது. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. படித்த மாத்திரத்தில் நினைவும் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும் என்பதால், தவறாகப் படித்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்பதற்கெல்லாம் இடம் குறைவு. பிறகு 230 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டால் மிச்சமும் போய், அட்டை அடுத்த ஆளுக்குத் தயார்.

வைரம், கல், பானை ஓடு என்று பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. 1663இல் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தைப் படுக்கைக்கு எடுத்துப்போய், உடம்பின் சூட்டில் வைத்து, இருட்டில் அது மினுங்குவதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சொன்னார். நம் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1940களில் வைரத்தின் ஒளிர்வை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவருடைய நோக்கம் வேறு. ஆனால் படிகத்தின் குறைகள்தான் அதன் ஒளியைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்தைச் சுற்றியே இந்த இயற்பியல் எல்லாம் அமைந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் மண்ணுக்கடியில் கிடைத்தவற்றுக்குக் காலம் கணிக்க உதவிய ஒளித்தூண்டல் முறையும் இதன் உடன்பிறப்பே. சூளையில் சுட்டபோது பானையின் மணல் துகள்களில் இருந்த பழைய கணக்கு அழிந்தது. புதைந்தபின் மண்ணில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்கள் புதுக்கணக்கு எழுதத் தொடங்கின. அந்த ஓடு பல நூற்றாண்டு காலம் அணியப்பட்ட பேட்ஜ்.

கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியத்தைச் சேர்த்து டோசிமீட்டராக்கும் வழியை ஜப்பானில் யமஷிதாவும் குழுவினரும் காட்டினார்கள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கே.எஸ்.வி.நம்பி, வி.என்.பாபட், ஏ.கே.கங்குலி ஆகியோர் அருமண் தனிமங்கள் கலந்த இந்தப் பொருளை விரிவாக ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள். 1975 முதல் இந்தியாவில் ஃபிலிமின் இடத்தை டிஎல்டி எடுத்துக்கொண்டது. பல நாடுகள் லித்தியம் ஃபுளோரைடைத் தேர்ந்தெடுத்தன. கதிரை வாங்கும் விதத்தில் அது மனிதத் தசைக்கு நெருக்கமானது. நாம் எடுத்தது மலிவான, உள்ளூரிலேயே செய்யக்கூடிய, மிகவும் கூருணர்வுள்ள பொருள். அதற்கு ஒரு விலையும் உண்டு: எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றல் கதிர்களைக் கால்சியம் சல்பேட் தசையைவிடப் பல மடங்கு அதிகமாக விழுங்கும். அப்படியே படித்தால் எக்ஸ்ரே டெக்னீஷியனின் கணக்கு பூதாகாரமாகத் தெரியும்.

மூன்று வில்லைகள் இருப்பது இதனால்தான். ஒன்றின் முன்னால் செம்பும் அலுமினியமும் சேர்ந்த உலோக வடிகட்டி. இன்னொன்றுக்கு முன்னால் பிளாஸ்டிக். மூன்றாவதற்கு வெறும் ஜன்னல். காமா கதிர் மூன்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். மெல்லிய எக்ஸ்ரே உலோகத்திடம் மாட்டிக்கொள்ளும், ஜன்னல் வில்லையில் தாராளமாகப் பதியும். பீட்டா கதிருக்கு உலோகத்தைத் தாண்டும் பேச்சே இல்லை. மூன்று எண்களின் விகிதத்தை வைத்து எந்த வகைக் கதிர், எவ்வளவு ஆற்றல் என்று ஆய்வகம் கணித்து, மில்லிசீவர்ட் கணக்கில் அறிக்கை தருகிறது. இப்போதெல்லாம் அணுசக்தித் துறைக்கு வெளியே உள்ளவர்களின் பேட்ஜ்களை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் பார்க்கின்றன. தென்மாநிலங்களுக்கு அது சென்னையில் உள்ள அவான்டெக்.

பேட்ஜ் கட்டில் ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் வரும். அதைக் கன்ட்ரோல் பேட்ஜ் என்பார்கள். கதிர் இல்லாத அறையில் அதை வைத்திருந்து, மற்றவற்றோடு சேர்த்தே திருப்பி அனுப்ப வேண்டும். கிரானைட் சுவர், விண்வெளிக் கதிர், கூரியர் பயணம் என்று எல்லாருக்கும் பொதுவாக விழுந்ததை அதை வைத்துத்தான் கழிப்பார்கள். யாருடைய பெயரும் இல்லாததால் அதைக் கவனிப்பாரும் இல்லை. எக்ஸ்ரே அறை மேஜை டிராயரிலேயே அதைப் போட்டுவைத்தால் எல்லோருடைய கணக்கும் குறைந்துபோகும்.

இனிக் கொக்கி. ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் பேட்ஜை அணிய வேண்டும் என்பது விதி. உடம்புக்கு வந்து சேர்ந்ததுதானே கணக்கு. நடைமுறையில் பலர் ஏப்ரனின் வெளியிலேயே குத்திவிட்டு, வேலை முடிந்ததும் ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஷிஃப்டில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் சிதறலையும் பேட்ஜ் விசுவாசமாகச் சேர்த்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனிதரின் பெயரில் அதிகக் கதிர் வந்ததாகக் கடிதம் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அறிக்கைகளில் உண்மையான அதிகக் கதிர்ப்பாடு, உண்மையல்லாதது என்று தனித்தனியாகவே பிரித்து எழுதுகிறார்கள். விசாரணைக்குப் பிறகு, ஆள்மேல் விழவில்லை, பேட்ஜ்மேல் மட்டும் விழுந்தது என்று முடிவான நிகழ்வுகள் இரண்டாவது வகை. இந்த விஷயத்தில் பழைய ஃபிலிமுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரே இடத்தில் அசையாமல் தொங்கிக் கதிர் வாங்கியிருந்தால் வடிகட்டியின் நிழல் ஃபிலிமில் கூர்மையாக விழும். நடமாடும் மனிதர் அணிந்திருந்தால் ஓரம் மங்கியிருக்கும். வில்லை சொல்லும் ஒற்றை எண்ணில் அந்தச் சாட்சியம் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம், ஏனென்றால் அதற்குக் கடிதமே வராது. பேட்ஜ் வீட்டிலோ டிராயரிலோ பத்திரமாக இருக்கும், ஆள் கதிரில் நிற்பார். சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தும் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு வருடம் முழுவதும் 0.00 என்று அறிக்கை வருவது இயல்புதான்; கருவி அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்று அதற்குப் பொருள். எக்ஸ்ரே இயந்திரத்தை நிறுத்தியதும் அறையில் கதிர் எதுவும் மிஞ்சுவதில்லை. நான் கவலைப்படுவது அவரைப் பற்றி அல்ல. ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் கருவியை ஓட்டவிட்டு எலும்புக்குக் கம்பி பொருத்தும் மருத்துவர், கேத் லேபில் நோயாளியின் பக்கத்திலேயே நின்று ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர், அவர்களுக்கு உதவும் செவிலியர், இவர்களுக்குத்தான் நோயாளியின் உடம்பிலிருந்து சிதறும் கதிர் நேராக வருகிறது. ஏப்ரன் மறைக்காத கண்ணுக்கும் கைக்கும் போவதை மார்பு பேட்ஜ் அறியாது. கண்புரை வரும் அபாயம் முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே இருக்கிறது என்று கண்டு, கண் வில்லைக்கான வரம்பை ஆண்டுக்கு 150இலிருந்து 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கச் சொல்லி 2011இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்தது. இவர்கள் காலர் பக்கம் ஏப்ரனுக்கு வெளியே இன்னொரு பேட்ஜ், விரலுக்கு மோதிர டோசிமீட்டர் என்று அணிவது நல்லது. கிடைத்த ஒரே பேட்ஜையும் மறந்துவிட்டுத் தியேட்டருக்குள் போகிறவரிடம் இரண்டாவதைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. இயற்கையாகவே நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் உலக சராசரியாக ஒருவருக்கு 2.4 வருகிறது. அது இந்தக் கணக்கில் சேராது. மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இந்த இயற்கைப் பங்கு இன்னும் பல மடங்கு.

இந்த எண்களோடு துவாக்குடிப் பக்கம் போவோம். ரேடியோகிராபி கேமராவுக்குள் இருக்கும் இரிடியம் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு மாத்திரை. 20 கியூரி வலுவுள்ள இரிடியத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 90 மில்லிசீவர்ட் வரும். அதாவது இருபது நிமிடம் நின்றால் ஓராண்டின் உச்சவரம்பு முடிந்தது. பத்து மீட்டர் தள்ளி நின்றால் அதே அளவு சேர ஒன்றரை நாள் ஆகும். தூரம் பத்து மடங்கானால் கதிர் நூறில் ஒரு பங்காகும் என்ற எளிய விதிதான் இரவு ஷிஃப்டில் கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிறுத்துவதன் அடிப்படை. கேபிளைச் சுழற்றி மாத்திரையைக் குழாய் வழியே வெளியே தள்ளி, படமெடுத்ததும் திரும்ப உள்ளே இழுக்கிறார்கள். எப்போதாவது அது கேபிளிலிருந்து கழன்று குழாயிலேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் மார்பில் உள்ள பேட்ஜ் வாயே திறக்காது. மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லும். ஆகவே பட்டறையில் உயிர் காப்பது, அந்த நொடியின் கதிரளவைக் காட்டும் சர்வே மீட்டர். ஒவ்வொரு எக்ஸ்போஷருக்குப் பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, முள் இறங்கிவிட்டதா என்று பார்த்தபடிதான் கேமராவை நெருங்க வேண்டும். சட்டைப்பையில் பேனா போலச் செருகி, வெளிச்சத்தில் பிடித்து அப்போதைக்கப்போதே பார்க்கும் பாக்கெட் டோசிமீட்டரும், அளவு மீறினால் அலறும் எலெக்ட்ரானிக் டோசிமீட்டரும் இருக்கின்றன. அவசர நேரத்தில் பேச வேண்டியவை இவைதான்.

பெரு நாட்டின் யனாங்கோவில் 1999 பிப்ரவரியில் நடந்ததைத் திருச்சியின் வெல்டர்கள் ஒருமுறை கேட்டு வைக்கலாம். நீர்மின் நிலையப் பணியிடத்தில் கேமராவிலிருந்து விழுந்து கிடந்த இரிடியம் மாத்திரையை ஒரு வெல்டர் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கதிர்வீச்சுப் பணியாளர் அல்ல, பக்கத்தில் வேலை செய்தவர். அப்படியே மார்பில் பேட்ஜ் இருந்திருந்தாலும், தொடையோடு ஒட்டியிருந்த மாத்திரையின் உண்மையான அளவை அது சொல்லியிருக்காது.

பேட்ஜே இல்லாதவருக்கு அவருடைய இரத்தம்தான் டோசிமீட்டர். கதிர்பட்ட வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொள்ளும். அவற்றை எண்ணினால், ஏறத்தாழ 100 மில்லிகிரேக்கு மேல் வாங்கிய அளவை மதிப்பிடலாம். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கோபால்ட் கருவி 2010இல் மாயாபுரியின் பழைய இரும்புக் கடையில் உடைக்கப்பட்டு ஒருவர் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு இப்படித்தான் போடப்பட்டது.

பேட்ஜ் அணிந்தும் பயனில்லாத இடமும் உண்டு. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் கூலரில் ட்ரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்திருந்தது. ட்ரிட்டியத்தின் பீட்டா கதிர் தோலையே தாண்டாது, பேட்ஜைச் சுற்றிய தாளையும் தாண்டாது. குடித்தால் மட்டும் உடம்பு முழுவதும் பரவும். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுத்தது. நம் கல்பாக்கத்திலோ, 2003 ஜனவரி 21 அன்று அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் வால்வு ஒன்று பழுதாகி, குறைந்த கதிரியக்கக் கழிவுத் தொட்டிக்குள் வலுவான கழிவு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன பணியாளர்கள் உட்பட ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை வாங்கினார்கள். எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் பொருத்தப்படவில்லை. சட்டையில் என்ன குத்தியிருந்தாலும், சுவரில் இருக்க வேண்டியதன் வேலையை அது செய்யாது.

இதையெல்லாம் தாண்டி, அளவைக் குறைத்துக் காட்டத் தொழிலாளியே ஆசைப்படும் நிலையும் வருகிறது. 2011 டிசம்பரில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி, டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்யச் சொன்னது அடுத்த ஆண்டு வெளியே வந்தது. வரம்பைத் தொட்டால் வேலை போய்விடும் என்பதுதான் காரணம். அங்கே டோசிமீட்டர் பாதுகாப்புக் கருவி என்ற நிலையிலிருந்து கூலிக்கு எதிரியாக மாறியது. ஒப்பந்தக் கூலி எங்கே உண்டோ அங்கேயெல்லாம் இந்தச் சபலமும் இருக்கும். நல்ல படிகத்தால் அதைத் தீர்க்க முடியாது. அளவு கூடிய ஆளுக்குக் கதிர் இல்லாத வேறு வேலை கொடுப்பதால்தான் முடியும்.

ஐந்தாண்டுக் கணக்கு என்பதால் பட்டறை மாறுகிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. துவாக்குடியில் ஒரு வருடம், பிறகு வேறொரு ஊர், பிறகு வளைகுடா என்று போகும் ரேடியோகிராபர், ஒவ்வோர் இடத்திலும் சுழியிலிருந்து தொடங்குவது போலத் தோன்றலாம். ஆனால் பணியாளர்களின் கதிர்க் கணக்கைச் சேர்த்துவைக்கும் தேசியப் பதிவேடு பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. ஒருவருக்குத் தரப்படும் தனி எண் எங்கே போனாலும் அதுவேதான். புது முதலாளி புது எண் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு அணுசக்திக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, வேலைக்கு எடுக்கும் முன் பழைய இடத்தின் கதிர்ப்பாட்டுப் பதிவைக் கேட்டு வாங்குவது புது முதலாளியின் கடமை. கேட்டால் கொடுப்பது பழைய முதலாளியின் கடமை. காலாண்டு அறிக்கை கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் அலமாரியில் கிடக்கும். அதில் தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்க்கவும், அதை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் தொழிலாளி வெட்கப்பட வேண்டியதில்லை.